கடலூரிலிருந்து வந்த ஆறு மூடிகள்

எதையும் எழுதத் தொடங்கும் முன் குறிப்பு எடுத்து எண் போட்டுக்கொள்வது என் பழக்கம். கல்லூரி நூலகத்தில் முப்பது ஆண்டுகள் புத்தகப் பட்டியல் எழுதியவன் நான். எண் இல்லாத காகிதத்தில் எனக்கு வழி தெரியாது. ஆகவே, மறைந்த என் மைத்துனர் முகமது காசிம் அவர்களைப் பற்றிச் சொல்ல நினைப்பதை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. அவர் காலமான செய்தி வந்தது.
2. அவர் யார், அவருடைய மேசை எது.
3. அந்த வீட்டில் விளிம்பு உடைந்த தட்டு யாருக்கு வைக்கப்படும் என்பது.
4. ஆறு கறிக்கோப்பைகள் சிதம்பரத்திலும் அவற்றின் மூடிகள் கடலூரிலும் இருக்க நேர்ந்தது. அது முழுக்க என் பிழை.
5. என் மகளின் நிச்சயத்தன்று அவர் போட்ட மேசை.
6. விடைபெறுதல்.

இந்த வரிசையை மீறாமல் எழுத முயல்கிறேன். நாற்பதாம் நாளுக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு சிறு மலர் அச்சிட வேண்டும் என்பது அவருடைய தம்பி யூசுப் அவர்களின் விருப்பம். எழுதத் தகுதியானவன் நான்தானா என்று எனக்கு இன்னும் ஐயம்தான். வேறு யாரும் முன்வராததால் எழுதுகிறேன்.

தந்தி காலை ஒன்பது மணிக்கு வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிய பிறகும் அதைப் பிரிக்கத் தயங்கி நின்றேன். என் மனைவி சுபைதா அடுப்படியிலிருந்து வந்து என் முகத்தைப் பார்த்தாள். "அண்ணனா?" என்றாள். பிரித்தேன். அண்ணன் மறைந்தார், அஸர் தொழுகைக்குப் பின் அடக்கம், உடனே வரவும், யூசுப் என்று இருந்தது.

வயிற்று வலிக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ளக் கடலூருக்குப் போனவர், கடைசி இரண்டு வாரமும் தம்பி வீட்டில் இருந்தார். தம்பியின் கையில் தண்ணீர் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். அவர் யூசுப் வீட்டில் மறைந்தார் என்று கேட்டபோது சிதம்பரத்தில் பழைய ஆட்கள் சிலர் என்னைத் தனியே அழைத்து, "அங்கயா?" என்று உறுதிப்படுத்திக்கொண்டார்கள். அவர்கள் வியந்ததில் தவறில்லை. ஒரு காலத்தில் அந்த இரண்டு வீடுகளுக்கும் இடையே பேச்சு இல்லை.

உடனே கடலூருக்கு ரயிலேறினோம். வெள்ளாற்றுப் பாலம் கடந்ததும் சுபைதா, "மூடியெல்லாம் யூசுப்பு வீட்லதானே இருக்கு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகுதான் அழுதாள். வெளியாருக்கு அது பொருத்தமில்லாத கேள்வியாகத் தோன்றலாம். அது ஏன் பொருத்தமான கேள்வி என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இரண்டாவது குறிப்புக்கு வருகிறேன்.

காசிம் மச்சான் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே ஓடிய பயணிகள் கப்பலில் பட்லராக இருந்தவர். முதல் வகுப்புச் சாப்பாட்டு அறை முழுவதும் அவர் பொறுப்பு. ஆறடி உயரம். பேசும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கமாட்டார். அவர் முன்னாலிருக்கும் தம்ளரைப் பார்ப்பார், நேராக இருக்கிறதா என்று. ஊரில் அவரை 'மேசை காசிம் பாய்' என்றே சொன்னார்கள். எந்த வீட்டில் விருந்து என்றாலும் அவரைக் கூப்பிட்டுப் பாத்திரம் அடுக்கச் சொல்வார்கள். போன இடத்தில் அவர் முதலில் கேட்பது, "வீட்ல என்னா இருக்கு? அதக் காட்டுங்க" என்பதுதான். எதையும் வாங்கி வரச் சொன்னதில்லை.

மேசை அவருடைய வாப்பாவுடையது. என் மாமனார் பினாங்கில் கைலிக் கடை வைத்திருந்தார். கடையை மூடிக்கொண்டு திரும்பியபோது எட்டுப் பேர் உட்காரும் தேக்கு மேசை ஒன்றைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். கூடவே நீலக்கரைத் தட்டுகளும், மூடி போட்ட ஆறு கறிக்கோப்பைகளும் வந்தன. ஒவ்வொரு மூடியின் உச்சியிலும் மாதுளைப் பிஞ்சு போல ஒரு குமிழ் உண்டு. எல்லாரும் தரையில் சுற்றி உட்கார்ந்து ஒரே தாலத்தில் சாப்பிடுகிற ஊரில், அந்த மேசை வந்த நாளில் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வந்தார்களாம்.

நான் காசிம் மச்சானை முதலில் சரியாகக் கவனித்தது அந்த மேசையில்தான். கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள். புது மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்த என் முன் அவர் ஒரு தட்டை வைத்தார். விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்த தட்டு. மற்ற எல்லாருக்கும் நல்ல தட்டு. எனக்குக் காது சூடாகிவிட்டது. என்னைப் பிடிக்கவில்லை போலும், சம்பளம் குறைந்த மாப்பிள்ளை என்று நினைக்கிறார்கள் போலும் என்றெல்லாம் ஒரு நிமிடத்துக்குள் எண்ணிவிட்டேன்.

எதிரில் உட்கார்ந்திருந்த யூசுப் அப்போது மீசை அரும்பாத இளைஞர். அவர்தான் முதலில் பேசினார்.

"அண்ணே! என் பொக்கைத் தட்ட எடுத்து மச்சானுக்கு வெச்சிட்டீங்களே!"

"நீ வருசக்கணக்கா தின்னாச்சுல்ல? இனிமே அவரும் திங்கட்டும்" என்றார் காசிம் மச்சான். பிறகு என் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மாப்ள, உம்மா காலத்துலேர்ந்து இங்க ஒரு வழக்கம். நல்ல தட்டு வர்றவங்களுக்கு. பொக்கை வீட்டு ஆளுக்கு. நேத்து வரைக்கும் நீ விருந்தாளி. இன்னியோட முடிஞ்சுது."

இது மூன்றாவது குறிப்பு. அந்த நாளில் எனக்குக் கிடைத்ததைப் போன்ற மரியாதை வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

நான்காவதை எழுதக் கை தயங்குகிறது. ஆனால் வரிசை வரிசைதான்.

அறுபத்தொன்றில் என் மாமனார் காலமானார். நோயாளியாகக் கிடந்த மூன்று மாதமும் அவரைப் பார்த்துக்கொண்டவர் யூசுப். கடைசி நாளன்று, மேசையில் உட்கார்ந்துதான் கஞ்சி குடிப்பேன் என்று பெரியவர் பிடிவாதம் பிடிக்க, தூக்கி உட்காரவைத்துக் கரண்டியால் ஊட்டியவரும் அவரே. காசிம் மச்சான் அப்போது கடலில் இருந்தார். செய்தி கிடைத்து வந்து சேர ஒன்றரை மாதம் ஆயிற்று. வந்தவர் கப்பல் வேலையை விட்டுவிட்டார்.

நிலபுலன்களைப் பெரியவர் உயிரோடிருக்கும்போதே பிரித்துக் கொடுத்திருந்தார். மிச்சமிருந்தவை வீட்டுச் சாமான்கள். சுபைதா தன் பங்காக உம்மாவின் வெற்றிலைப் பெட்டி மட்டும் போதும் என்று எடுத்துக்கொண்டாள். மற்றதைப் பிரிக்கும் பொறுப்பை இரண்டு சகோதரர்களும் என்னிடம் விட்டார்கள். "மச்சான் பட்டியல் போடறவரு. அவரு எழுதட்டும்" என்று சொன்னவர் யூசுப்.

யாருக்கும் மனக்குறை வரக்கூடாது என்று இரண்டு நாள் யோசித்து ஒரு விதி வகுத்தேன். எல்லாச் சாமான்களுக்கும் எண் போடுவது. ஒற்றைப்படை எண் மூத்தவருக்கு, இரட்டைப்படை எண் இளையவருக்கு. யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. ஆகவே யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. இருவரும் ஒப்புக்கொண்டார்கள். காசிம் மச்சான் ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் சொல்ல, நான் மேசையில் உட்கார்ந்து எழுதுவது என்று ஏற்பாடு.

அவர் தம் கையை மேசைமேல் வைத்து, "ஒண்ணு. இந்த மேசை" என்றார். எழுதிவிட்டேன். எழுதிய பிறகுதான் உறைத்தது.

"மேசை அண்ணனுக்கா?" என்றார் யூசுப்.

"ஒத்தப்படை..." என்று இழுத்தேன்.

"வாப்பா கடைசியா கஞ்சி குடிச்ச மேசை மச்சான் இது. கரண்டி புடிச்சது என் கை. அன்னிக்கி இவரு எந்தக் கடல்ல இருந்தாரு?"

அந்த வரியை அடித்துவிட்டு, மேசையைக் கடைசியாகப் பேசிக்கொள்ளலாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "ஒத்துக்கிட்ட விதி" என்று முணுமுணுத்தேன். யூசுப் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அதன் பிறகு கடைசிவரை திரும்பவேயில்லை.

"எழுது மாப்ள" என்றார் காசிம் மச்சான். எழுதினேன்.

அன்று மாலையே அவர் தம்பியிடம், "மேசைய நீ எடுத்துட்டுப் போடா" என்றார். "குடுத்து வாங்கிக்கறதுக்கு நான் யாரு, பிச்சக்காரனா?" என்று சொல்லிவிட்டு, யூசுப் தம் பங்குச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு கடலூர் பழைய நகரத்தில் தம் கடையிருந்த தெருவுக்கே குடிபோய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து, காசிம் மச்சானின் மனைவி ஆயிஷா அலமாரியைத் திறந்து, "கோப்பை இருக்கு, மூடியெல்லாம் எங்க?" என்று கேட்டார். பட்டியலை எடுத்துப் பார்த்தேன். இருபத்தொன்று, கறிக்கோப்பை ஆறு. இருபத்திரண்டு, மூடி ஆறு. கோப்பைகள் ஒற்றைப்படை, மூடிகள் இரட்டைப்படை. தலைக்கு ஒரு வீடு, உடலுக்கு ஒரு வீடு என்று பிரித்து அனுப்பியிருந்தேன்.

யூசுப்புக்கு எழுதி வாங்கிவிடுகிறேன் என்று பதறினேன். "விடு மாப்ள. மூடி எங்கயும் ஓடிப் போவாது" என்று சொல்லிவிட்டார் காசிம் மச்சான். என்னைக் கடிந்து ஒரு சொல் இல்லை. நான்கு ஆண்டுகள் அந்த வீட்டுக் கோப்பைகள் வாய் திறந்தபடி அலமாரியில் இருந்தன. யூசுப் அந்த வாசற்படி ஏறவில்லை. பெருநாள்களில் நான் அவற்றைப் பார்க்காமல் இருக்க முயல்வேன்.

அறுபத்தைந்தில் என் மகள் ஷரீபாவுக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடும் மனிதர்.

"பொண்ணப் புடிச்சிருக்கு. ஒண்ணே ஒண்ணு. தாய்மாமன் ரெண்டு பேரும் ஒக்காந்து பேசி முடிக்கணும். ஒருத்தரு எங்க ஊர்லதான் இருக்காரு, உங்க ஊரு வீட்டுக்குப் போறதில்லன்னு எங்களுக்குத் தெரியும். அது அப்பிடியே இருந்தா நாளைக்கி எங்க வீட்ல இந்தப் பொண்ணு காதுல அதுதான் வுழும். வேணாம் பாருங்க."

நியாயமான பேச்சு. நான் யூசுப்புக்கு மூன்று கடிதங்கள் எழுதி மூன்றையும் கிழித்தேன். நேரில் போகத் துணிவில்லை. மேசையை ஒற்றைப்படையில் எழுதிய கை என் கை அல்லவா. சுபைதா, "உங்களால முடியாதுன்னா அண்ணங்கிட்ட சொல்லுங்க" என்றாள். சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, சம்பந்தமே இல்லாமல், "மேசைய நான் போடறேன்" என்றார்.

நிச்சயத்துக்கு ஒரு வாரம் முன்பே ஒத்திகை போலப் போட்டுப் பார்த்தார். அரிசிக்கே அலைந்துகொண்டிருந்த வருடம் அது. சுபைதா குறைந்தபட்சம் பாத்திரமாவது பளிச்சென்று இருக்கட்டும் என்று நினைத்தாள்.

"அண்ணே, கடையில எவர்சில்வர் தட்டு வாடகைக்குக் கெடைக்குது. செட்டா இருக்கும்."

"எவர்சில்வர்ல நம்ம மூஞ்சி தெரியும். வாப்பா மூஞ்சி தெரியாது. இருக்கறதக் கொண்டா."

இருந்தவை இவை. வாப்பாவின் கடையில் விற்காமல் நின்றுபோன கைலித் துணி ஒரு பீஸ், அதை விரிப்பாகப் போட்டார். வாப்பா துணி அளந்த கெஜக்கோல், இரண்டு முனையிலும் பித்தளைப் பூண் கட்டிய கருங்காலிக் கோல். அதை மேசையின் நடுவே நீளவாக்கில் கிடத்தி, அதையொட்டி மரிக்கொழுந்தை வரிசையாக வைத்தார். கோலின் ஒரு முனையில் உம்மாவின் வெற்றிலைப் பெட்டி. மறுமுனையில் பன்னீர்ச்செம்பு. நீலக்கரைத் தட்டுகளில் ஐந்துதான் மிச்சம், அதில் ஒன்று பொக்கை. தேவையோ எட்டு. என் வீட்டிலிருந்து நான்கு வெறும் வெள்ளைத் தட்டுகளைக் கொண்டுவரச் சொல்லி, நீலம், வெள்ளை, நீலம், வெள்ளை என்று மாற்றி மாற்றி வைத்தார்.

"ஒரு தட்டு வேறயா இருந்தா கண்ண உறுத்தும் மாப்ள. ஒண்ணு விட்டு ஒண்ணு வேறயா இருந்தா அதுக்குப் பேரு டிசைன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆறு கோப்பைகளையும் மேசையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார்.

"தட்டு வெச்சு மூடிடலாமே" என்றேன்.

"தட்டு வெச்சு மூடறது பானைய. இதுக்கு மூடி இருக்கு. நாளைக்கிக் காலைல மொத பஸ்ல கடலூர் போறோம்."

யூசுப்புக்குத் துறைமுகச் சாலையில் கயிறும் வலையும் விற்கும் கடை. கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்திருந்தவர் எழுந்து, "வாங்க மச்சான்" என்றார். என்னைத்தான். பக்கத்தில் நின்ற ஆறடி மனிதர் அவர் கண்ணில் படவில்லை.

"மூடி ஆறும் வேணும்" என்றார் காசிம் மச்சான்.

"மச்சான், என்ன வேணுமாம்?" என்று யூசுப் என்னைக் கேட்டார்.

"மூடி..." என்றேன்.

"வாப்பா கறிக்கோப்பை மூடிடா. ஒரு பகலுக்கு. சாயங்காலமே திருப்பிக் குடுத்துருவேன்."

யூசுப் இப்போது நேராகப் பார்த்தார். "என்னைக் கூப்புட வந்தீங்களா, மூடியக் கூப்புட வந்தீங்களா?"

"மூடியத்தான். நீதான் வரமாட்டியே."

"நாலு வருசமா மேலடுக்குல வெச்சிருக்கேன். ஒண்ணுல ஒரு கீறல் கெடயாது. நீங்க பஸ்ல மடியில வெச்சுக்கிட்டுப் போயி ஒடச்சிருவீங்க."

"கப்பல் ஆடற ஆட்டத்துல தட்டு அடுக்குனவன்டா நான்."

"கப்பல் ஆடும். இந்த பஸ்ஸு குதிக்கும். யாரு கையிலயும் குடுக்கமாட்டேன். வேணும்னா நானே கொண்டாறேன். கொண்டாந்து மூடுவேன், அவுங்க தின்னு முடிச்சதும் கழுவி எடுத்துக்கிட்டு வந்துருவேன். ஒக்காரமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"ஒன்னை யாரு ஒக்காரச் சொன்னா?" என்று சொல்லிவிட்டுக் காசிம் மச்சான் தெருவில் இறங்கி நடந்தார். நான் பின்னால் ஓடினேன். மூலைக்கடை வந்ததும் நின்று, "வெயிலு ஜாஸ்தியா இருக்கு மாப்ள. ஒரு சர்பத்து குடிப்போம்" என்றார். கடைக்காரர் வைத்த தம்ளரை மூன்று முறை நேராக்கிவிட்டுத்தான் குடித்தார்.

நிச்சயத்தன்று யூசுப் சொன்னபடியே வந்தார். வைக்கோல் பரப்பிய கூடையில் ஆறு மூடிகள். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வாசற்படி ஏறியவர் யாரிடமும் பேசாமல் நேராக மேசைக்குப் போனார். எந்த மூடி எந்தக் கோப்பைக்குரியது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொன்றாக வைத்து, பொருந்தும்வரை திருப்பினார். அப்போதுதான் மேசையின் மற்றவற்றைப் பார்த்தார். கைலி, கெஜக்கோல், வெற்றிலைப் பெட்டி. வாப்பா உட்காரும் தலைமாட்டு நாற்காலியின் முன்னே, பெரியவர் கடைசியாகக் கஞ்சி குடித்த பீங்கான் கிண்ணம். அதில் கொஞ்சம் மல்லிகை. யூசுப் அந்தக் கிண்ணத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு எல்லாரும் நண்பகல் லுஹர் தொழப் பள்ளிவாசலுக்குப் போனோம்.

முதலில் திரும்பி வந்தவன் நான். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தேன். தலைமாட்டு இடத்தில் இருந்தது பொக்கைத் தட்டு. நல்ல நீலக்கரைத் தட்டு ஒன்று அலமாரியில் சும்மா இருக்கும்போது இது எப்படி வந்தது? அந்த இடம் யூசுப்புக்கு என்று காசிம் மச்சான் காலையில் என்னிடம் சொல்லியிருந்தார். நான்கு வருடக் கோபத்தோடு வந்திருக்கும் மனிதர், சம்பந்தி வீட்டார் எதிரில், உடைந்த தட்டில் சாப்பிடுவாரா? என் கல்யாணத்தின் மூன்றாம் நாள் எனக்குச் சொன்ன விளக்கம் அந்த நேரத்தில் என் நினைவுக்கு வரவேயில்லை. பயம் வந்தால் எனக்குப் படித்தது எதுவும் நினைவுக்கு வராது. நல்ல தட்டை எடுத்து அங்கே வைத்தேன். பொக்கையை அலமாரியில் துணிக்குப் பின்னால் ஒளித்தேன்.

விருந்தினர் வந்து உட்கார்ந்தார்கள். நெய்ச்சோறு வந்தது. யூசுப் சுவரோரம் கூடையருகில் நின்றுகொண்டார்.

"மேல வந்து ஒக்காரு" என்றார் காசிம் மச்சான்.

"ஒக்காரமாட்டேன்னு சொன்னேன்ல."

"அது கஞ்சி குடுத்தவன் எடம். நீ ஒக்காரலன்னா வேற யாரு ஒக்கார்றது?"

யூசுப் மெல்ல வந்து நாற்காலியின் முதுகில் கை வைத்தார். தட்டைப் பார்த்தார். விளிம்பு முழுவதையும் கண்ணால் ஒரு சுற்றுச் சுற்றினார். கை நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டது.

"எனக்கு விருந்தாளித் தட்டு வெச்சிருக்கீங்களா அண்ணே?"

நான்கு ஆண்டுகளில் அவர் 'அண்ணே' என்று சொன்னது அதுதான் முதல் முறை. சொல்லிவிட்டுக் கூடையை எடுக்கக் குனிந்தார். காசிம் மச்சான் தட்டைப் பார்த்தார். சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னால் என் மகளின் வளையல் சத்தம் கேட்டு நின்றது.

கூட்டத்தில் எழுந்து பேசும் வழக்கம் எனக்கு இல்லை. கல்லூரியில் பிரிவுபசாரத்தின்போதுகூட நன்றியுரையை வேறொருவரைப் படிக்கச் சொன்னவன். அன்று எழுந்து நின்றேன்.

"நான்தான் மாத்துனேன். அவர் வெச்சது பொக்கைதான். அலமாரியில இருக்கு."

அலமாரியைத் திறந்து, துணிக்குப் பின்னாலிருந்து அதை எடுத்து, எல்லாரும் பார்க்கக் கொண்டுவந்து வைத்தேன். யூசுப் கூடையைக் கீழே வைத்தார். பிறகு, சில்லு போன பக்கம் தம்மை நோக்கி வரும்படி தட்டைத் திருப்பிவிட்டு, உட்கார்ந்தார்.

"சோறு ஆறுது. கோப்பையத் தொறங்க" என்றார்.

"மூடி உன்னுது. நீயே தொற" என்றார் காசிம் மச்சான்.

மாப்பிள்ளையின் தகப்பனாருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னாங்க இது, ஒடஞ்ச தட்டுக்கா சண்ட?" என்றார். காசிம் மச்சான் வழக்கத்தை விளக்கினார். கேட்டுக்கொண்டே வந்தவர் தம் மகனின் தட்டைச் சுட்டி, "அப்ப இவனுக்கும் சீக்கிரமா ஒண்ண ஒடச்சு வெச்சிருங்க" என்றார். நிச்சயம் முடிந்தது அந்தச் சிரிப்பில்தான். மற்றதெல்லாம் சம்பிரதாயம்.

மாலையில் யூசுப் மூடிகளைத் தாமே கழுவித் துடைத்துக் கூடையில் அடுக்கினார். "இங்கயே இருக்கட்டுமே" என்றார் ஆயிஷா. "திருப்பிக் குடுத்துருவேன்னு அண்ணன் சொல்லியிருக்காரு" என்று எடுத்துப் போய்விட்டார். அதன் பிறகு ஆண்டுதோறும் இரண்டு பெருநாளுக்கும் மூடிகள் கூடையில் ஏறிச் சிதம்பரம் வந்தன. மாலையில் கடலூர் திரும்பின. அவற்றோடு அவரும் வந்தார், போனார். ஒருமுறைகூட அவை தங்கவில்லை. அந்தக் கூடையைப் பார்க்கும்போதெல்லாம் என் பிழை பஸ்ஸில் போய் வருவதாகவே எனக்குத் தோன்றும்.

இனி ஆறாவது.

இதுவரை எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் யூசுப் ஒருமுறை பார்த்துவிடட்டும் என்று வரச் சொன்னேன். நேற்று வந்தார். கூடையோடு வந்தார். ஏன் என்று கேட்கவில்லை. அண்ணன் வீட்டு மேசையில் உட்கார்ந்து நான் படிக்க, அவர் கேட்டார். முதல் பக்கத்திலேயே நிறுத்தினார்.

"மச்சான், நாலாவது தப்பு."

"எது?"

"மூடி பிரிஞ்சது உங்க தப்புன்னு போட்டிருக்கீங்களே, அது. எழுதுனது நீங்க. கூப்புட்டுச் சொன்னது யாரு?"

எனக்கு விளங்கவில்லை. அவர் சொன்னார். மறைவதற்கு நாலைந்து நாள் முன்பு, கட்டிலில் படுத்தபடி மேலடுக்கில் இருந்த மூடிகளைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், "மூடியத் தனியா கூப்புட்டது நான்தான்டா. நீ ஜன்னல் பக்கம் திரும்பி நின்னப்பவே தெரிஞ்சிபோச்சு, இவன் இனிமே வரமாட்டான்னு. மாப்ள பாவம், தன் தப்புன்னே நெனச்சிக்கிட்டிருக்காரு" என்றாராம்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னா நீங்க மறுநாளே வந்து எங்கிட்ட ஒப்பிச்சிருப்பீங்க. நான் மூடியத் தூக்கி அனுப்பிட்டுக் கதவச் சாத்தியிருப்பேன்."

நம்ப முடியாமல் வீட்டுக்குப் போய் அந்தப் பட்டியலை எடுத்துவந்தேன். எட்டு ஆண்டுகளாகப் பத்திரமாக வைத்திருக்கிறேன். பதினைந்து, தேநீர்க் கெண்டி, மூடியுடன். பதினெட்டு, சர்க்கரைக் கிண்ணம், மூடியுடன். இருபது, ஊறுகாய் ஜாடி இரண்டு, மூடியுடன். இருபத்தொன்று, கறிக்கோப்பை ஆறு. இருபத்திரண்டு, மூடி ஆறு. எல்லாம் என் கையெழுத்து. முப்பது ஆண்டுகள் பட்டியல் எழுதியவன், என் பட்டியலில் அந்த இரண்டு வரிகளை மட்டுமே பார்த்துக் கூசிக்கொண்டிருந்தேன். மேலே இருந்த வரிகளைப் படிக்கவில்லை.

இப்போது எனக்கு நினைவு வருகிறது. இருபத்தொன்றுக்கும் இருபத்திரண்டுக்கும் இடையே கொஞ்ச நேரம் ஆயிற்று. ஒவ்வொரு மூடியாக அவர் எடுத்து, ஜன்னலோரம் யூசுப்பின் சாமான்கள் இருந்த பக்கத்தில் வைத்த சத்தம் கேட்டது. ஆறு முறை. நான் பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

யூசுப் கிளம்பும்போது ஆயிஷா, "இனிமே இங்கயே இருக்கட்டும் தம்பி. உங்க அண்ணனே இல்ல, யாருக்காகத் தூக்கிக்கிட்டு அலையறீங்க?" என்றார்.

"வேணாம் மச்சி. மூடி எங்கிட்டயே இருக்கட்டும். நாற்பதாம் நாளு கொண்டாறேன். பெருநாளைக்கிக் கொண்டாறேன்" என்று அண்ணியிடம் சொன்னார் யூசுப்.

பஸ் நிலையம்வரை கூடப் போனேன். ஜன்னலோர இடம் பிடித்துக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் அணைத்தபடி அவர் போனார். திரும்பி வந்து பார்த்தபோது மேசையில் ஆறு கோப்பைகளும் திறந்திருந்தன. எனக்கு அவற்றைப் பார்ப்பதில் இப்போது கூச்சமில்லை.

மச்சான், நீங்கள் போட்ட மேசை போட்டபடி இருக்கிறது. உங்களுடைய இடத்தில் பொக்கைத் தட்டை வைக்கச் சொல்லியிருக்கிறேன். இறைவன் உங்களை நல்ல இடத்தில் உட்காரவைப்பானாக.

முதல் பக்கத்தைத் திருத்தி எழுதலாம். திருத்தவில்லை. என் பட்டியலில் இருந்த தவறு அச்சிலும் இருக்கட்டும், வருகிறவர்கள் பார்க்கட்டும். நான்காவது குறிப்பு தவறு. அது என் பிழை அன்று. காசிம் மச்சான் போட்ட மேசைகளிலேயே பெரியது அதுதான். ஒரு முனை சிதம்பரத்தில், மறுமுனை கடலூரில்.